துந்துக் வந்த வழி

கிர்கிஸ்தானில் இசிக்-குல் ஏரியின் தென்கரையில் கிசில்-தூ என்றொரு ஊர். கூடாரத் தச்சர்களுக்குப் பேர்போனது. வில்லோ மரக் கழிகளை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் வளைத்து, இறுக்கிக் கட்டிக் காயப் போடுவார்கள். வளைந்த கட்டைகளை வட்டமாகச் சேர்த்தால் துந்துக். மேய்ச்சல்காரர்களின் 'போஸ் உய்' கூடாரத்துக்கு அதுதான் உச்சி வளையம். நடுவே மும்மூன்றாகக் குறுக்கிடும் சட்டங்கள். விளிம்பைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்ட துளைகள்.

கோடை பிறந்ததும் வளையம் மந்தையோடு மலையேறும். மேய்ச்சலுக்குப் போகும் சோங்-குல் ஏரி இருப்பது 3,016 மீட்டர் உயரத்தில். வளையம் அங்கே போக முன்பு குதிரையும் ஒட்டகமும், இப்போது லாரி. ஒருவர் நடுவில் நின்று கவைக்கோலால் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் 'ஊக்' எனும் கம்புகளைத் துளைகளில் செருகி, அடிமுனையைச் சுவர்ப் பின்னலோடு கட்டுவார்கள். முதல் சில கம்புகள் நிற்கும்வரை தூக்கியவர் பாடு திண்டாட்டம்தான். கூரைக்கு ஓர் ஆணி கிடையாது. புகை போவதும் வெளிச்சம் வருவதும் வளையத்தின் வழியே. மழை வந்தால் கயிற்றை இழுத்துக் கம்பளியால் மூடிவிடலாம்.

கம்பளியைப் பூச்சி அரிக்கும், கம்பு முறியும், மாற்றிக்கொள்ளலாம். வளையம் மட்டும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். புகையேறிக் கறுத்திருந்தால் குடும்பத்துக்குப் பெருமை.

1930களில் சோவியத் அரசு நாடோடிகளைக் கூட்டுப் பண்ணைகளில் குடியமர்த்தியது. ஆனால் ஆடுகளுக்குக் கோடைப் புல் வேண்டுமே! மேய்ப்பர்கள் மலையேறினார்கள், வளையமும் பிழைத்தது.

சுதந்திரம் வந்தபின், 1992 மார்ச் 3 அன்று அது தேசியக் கொடியில் ஏறியது: சிவப்புத் துணி, 40 கதிர்களோடு மஞ்சள் சூரியன், அதனுள் துந்துக். 2023 டிசம்பரில், நெளிந்த கதிர்களைப் பார்த்தால் சூரியகாந்திப் பூ மாதிரி இருக்கிறதென்று நிமிர்த்திவிட்டார்கள். கதிர் எப்படி நெளிந்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வளையம் கொடியிலேயே இருக்கிறது.

இப்போது அரசு அலுவலகங்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் கணினி அமைப்புக்கும் துந்துக் என்றே பெயர். அடித்தளம் எஸ்டோனியாவின் தொழில்நுட்பம். அதே பெயரில் கைபேசிச் செயலியும் உண்டு. பெயர் வைத்தவர் கூடாரம் கட்டிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும் இலாகாக்களை ஒரே வளையத்தில் செருகுவதற்குள், கவைக்கோல் பிடித்தவருக்குக் கை கடுத்திருக்கும்.