கண்ணாடிக்குள் கடல் கடந்த பச்சை

வைகாசி பிறந்தால் திருகோணமலையில் கச்சான் தொடங்கிவிடும். மலைநாட்டில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாகக் கிழக்கே இறங்கி வரும் தென்மேல் காற்று அது. உட்துறைமுகத்தின் நீர் கண்முன்னே பரந்து கிடக்கும். முற்றத்துத் தொட்டிச் செடியோ பின்னேரத்துக்குள் வாடித் தொங்கும். இப்படிப்பட்ட ஊரில், ஒரு விரல் உயரங்கூட வளராத குட்டி ஓர்க்கிட்டைப் பாசி படர்ந்த மரத்துண்டில் ஒட்டி, ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கலாம். அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டும்.

அந்தப் பெட்டிக்கு இருநூறு வயது ஆகப்போகிறது. அது பிறந்தது லண்டனின் கிழக்குப் பகுதியில், நத்தானியல் வார்ட் என்ற மருத்துவர் வீட்டில். நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்தத் தெருவில் அவர் நட்ட பன்னச்செடிகள் எல்லாம் கருகிப்போயின. 1829இல் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணில் புதைத்து, மூடியிட்ட கண்ணாடிப் போத்தலில் வைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்ப்பதுதான் அவருடைய நோக்கம். ஆனால் முற்றத்தில் பிழைக்க மறுத்த பன்னம் ஒன்று அந்த மண்ணில் தானாக முளைத்தது, கூடவே ஒரு புல்லும். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. குளிர்ந்ததும் துளியாக மண்ணுக்கே திரும்பியது. வெளியிலிருந்து ஒரு சொட்டு நீர் ஊற்றாமலே அவை நான்கு ஆண்டுகள் வரை வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கியபோதுதான் செத்தன.

வார்டுக்கு முன் செடிகள் கடல் கடந்த கதை துயரமானது. திறந்த தளத்தில் உப்புத் தெறிப்பு; குடிக்கவே போதாத நன்னீரில் செடிக்குப் பங்கு கிடையாது. சீனத்திலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் ஆயிரம் செடிகளில் ஒன்றுதான் உயிரோடு சேர்கிறது என்று ஜோன் லிவிங்ஸ்டன் என்பவர் 1819இல் மக்காவோவிலிருந்து எழுதினார். 1833இல் வார்டும், ஹக்னியில் நாற்றுப்பண்ணை நடத்திய ஜோர்ஜ் லொடிஜஸும் இரண்டு பெட்டிகளில் பன்னமும் பாசியும் புல்லும் அடைத்துச் சிட்னிக்குக் கப்பலேற்றினார்கள். ஆறு மாதப் பயணம். செடிகள் பச்சையாகவே போய் இறங்கின. அதே பெட்டிகள் ஆஸ்திரேலியச் செடிகளோடு திரும்பின. வழியில் கொதிக்கும் வெயிலையும், கேப் ஹோர்ன் முனையில் தளத்தை மூடிய பனியையும் அவை தாங்கின. கப்பல் தளத்துக்காகவே செய்த இந்தப் பெட்டி சாய்வுக் கூரையும் கனத்த மரச்சட்டமும் கொண்டது. பார்க்கச் சிறு வீடு போலவே இருக்கும். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகின் தோட்டங்களை இடம்மாற்றியது இதுதான்.

இலங்கையின் முகத்தை மாற்றியதும் இதுதான். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை ஏறத்தாழ 2,700. அவற்றில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டு ஆகஸ்டில் 38 பெட்டிகளில் கொழும்புக்குக் கப்பலேறின. கூடவே ஒரு தோட்டக்காரரும் வந்தார். பத்தில் ஒன்பது உயிரோடு வந்து சேர்ந்து கம்பஹா அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டன. தென்கிழக்காசியாவின் இறப்பர்த் தொழில் முழுவதற்கும் அந்தக் கன்றுகளோடு உறவு உண்டு.

ஒரு கன்றைக் கண்ணாடியால் மூடி, நிழல் பார்த்து, ஆள் வைத்துக் காவல் செய்து கடல் கடத்திய அதே காலத்தில், தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்த எங்கள் சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தது. வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். செடிக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்குகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பெட்டியின் வரலாற்றை எழுதும் எவரும் அந்தப் பாதையை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

பெட்டி தோற்ற இடமும் உண்டு. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென்னமெரிக்காவிலிருந்து சிங்கோனாக் கன்றுகளை இதே பெட்டிகளில் நீலகிரிக்குக் கொண்டுவந்தார். செங்கடலின் வெக்கை கண்ணாடிக்குள் ஏறி நின்றது. வந்து சேர்ந்தவையும் பெரும்பாலும் பிழைக்கவில்லை. வறட்சியை வெல்லத் தெரிந்த பெட்டிக்கு வெப்பத்தை வெல்லத் தெரியவில்லை. திருகோணமலையில் ஓர்க்கிட் வளர்க்க விரும்புகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான்.

நம் நாட்டு ஓர்க்கிட்டுகளும் இதே கப்பல் வழியாக இங்கிலாந்துக்குப் போயின. சிங்களத்தில் வனராஜ என்று அழைக்கப்படும் சிறு ஓர்க்கிட் ஒன்று நம் ஈரக்காடுகளின் இருண்ட தரையில் வளர்கிறது. அதன் பூவை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கரும்பட்டு இலையில் பொன் நரம்பு வலையாய் ஓடும் அழகுக்கே அது பேர் பெற்றது. எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை நூலிலும் அதைப் பாராட்டியிருக்கிறார். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அது கண்ணாடி மூடிகளின் கீழ் வளர்க்கப்பட்டது. வெசாக் மாதத்தில் பூக்கும் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே என்னும் ஓர்க்கிட், பேராதனைப் பூங்காவின் துவைட்ஸ் மூலம் கியூ போய்ச் சேர்ந்தது. அந்தத் துவைட்ஸுக்கு எங்கள் பகுதியிலிருந்து செடிகள் சேகரித்து அனுப்பியவர் திருகோணமலையில் பாதிரியாராக இருந்த சாமுவேல் ஓவன் க்ளெனி. க்ளெனியா என்ற மரப்பேரினம் இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. திருகோணமலையைத் துறைமுகமாகவும் கோட்டையாகவும் மட்டுமே எழுதுகிறவர்கள் இந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் செடிகளைக் கொண்டுபோக விமானமும் பொலித்தீன் பையும் வந்தன. கியூ பூங்கா கடைசியாக இப்பெட்டியைப் பயன்படுத்தியது 1962இல். கப்பலை விட்டு இறங்கிய பெட்டி வீட்டு மேசையில் ஏறிக்கொண்டது. இன்று டெரேரியம் என்று கடைகளில் விற்கப்படுவது அதன் பேரப்பிள்ளைதான்.

எங்கள் ஊரில் அதை எப்படி வைப்பது? யன்னல் வெயிலில் வைக்கவே கூடாது. மார்க்கம் கொண்டுவந்த கன்றுகளுக்கு நேர்ந்தது அரை மணி நேரத்தில் நேர்ந்துவிடும். வெயில் நுழையாத அறையில் எல்இடி விளக்கின் கீழ் வையுங்கள். மூடியை முழுவதும் அடைக்காதீர்கள். மரத்தில் தொற்றி வாழும் ஓர்க்கிட்டின் வேர் காற்றைத் தேடும் வேர். நனைந்தே கிடந்தால் அழுகும். கணினியில் சுழலும் சிறு விசிறி ஒன்றை மேலே பொருத்தினால் போதும். அடியில் கரித்துண்டு, அதன்மேல் கழுவி உப்பு நீக்கிய தென்னந்தும்பு, பக்கச்சுவரில் பொச்சுத் துண்டு. கரையோரக் கிணறுகளின் உவர்நீர் நுண்வேரைக் கருக்கிவிடும் என்பதால் மாரி மழைநீரைப் பிடித்து வைத்துத் தெளிப்பதே நல்லது.

அடுத்தது செடித் தெரிவு. படங்களில் மயக்கும் மஸ்டெவாலியாவும் டிராகுலாவும் அந்தீஸ் மலைமுகில் காட்டுச் செடிகள். இரவுக் குளிர் இல்லாமல் அவை வாழா. எங்கள் இரவுகள் ஆனி, ஆடியில் 25 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. பிலிப்பீன்ஸின் சிறிய ஃபலனோப்சிஸ் ஈக்குவெஸ்ட்ரிஸ், இலையழகுக்காக வளர்க்கும் லுடிசியா, மக்கோடஸ் பெட்டோலா ஆகியவை இந்த வெக்கைக்குப் பொருந்தும்.

பெட்டியை விடவும் முக்கியமான இன்னொரு கண்ணாடி உண்டு. ஓர்க்கிட் விதை தூசியை விட மெல்லியது. தன்னிடம் உணவுச் சேமிப்பு இல்லாததால் காட்டில் ஒரு பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கும். 1922இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகாரில் பூஞ்சை இல்லாமலே அதை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். அன்றிலிருந்து ஒரே காயின் விதையிலிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுகளைக் குடுவைக்குள் எடுக்க முடிகிறது. காட்டில் கைவைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

ஆனாலும் வனராஜ இன்றும் காட்டிலிருந்து பிடுங்கப்படுகிறது. இலங்கையில் சுமார் 190 ஓர்க்கிட் இனங்கள் உள்ளன. ஐம்பதுக்கு மேற்பட்டவை வேறெந்த நாட்டிலும் இல்லை. சிங்கராஜா, நக்கிள்ஸ் காடுகளிலிருந்து பிடுங்கி வந்த செடி திருகோணமலை வெக்கையில் ஒரு பருவம் தாண்டாது. அது விட்டுவந்த இடமும் காட்டில் வெறுமையாகவே கிடக்கும். ஓர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் காவலில் இருக்கிறது. இலங்கை அதில் 1979இல் சேர்ந்தது. பெட்டி வாங்கும் உறவுகளே, செடி விற்பவரிடம் அது குடுவையில் பிறந்ததா காட்டில் பிறந்ததா என்று கேளுங்கள். அவரால் பதில் சொல்ல முடியாவிட்டால் வாங்காமல் வாருங்கள்.