திருநர் அடையாளமும் சட்டமும்

பிறந்தபோது பதிவான பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலினத்தைத் தமதாக உணர்பவர்களைக் குறிக்கும் பொதுச்சொல் திருநர். இவர்களுள் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை; ஆணாக வாழ்பவர் திருநம்பி. அரவான் என்னும் கூத்தாண்டவரின் கதையிலிருந்து வந்த ‘அரவாணி’ என்ற பெயரே அரசு வழக்கிலும் முன்பு இருந்தது. 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாடு அமைத்த நல வாரியமும் அந்தப் பெயரில்தான் தொடங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘பிற’ பிரிவில் தமிழ்நாட்டில் பதிவானவர்கள் 22,364 பேர். கணக்கெடுக்க வந்தவரிடம் வீட்டார் சொன்னதே பதிவானது என்பதால், இதை முழுத் தொகையாகக் கொள்ள முடியாது.

ஒருவர் ஆணா, பெண்ணா, வேறா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியே இத்துறை வழக்குகள் அனைத்துக்கும் அடிப்படை. அந்த அதிகாரம் அவருக்கே உரியது என்று 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த அந்த வழக்கில், அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்று நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி ஆகியோர் கூறினர்.

தமிழ்நாட்டில் இதன் பலனை முதலில் பரவலாக உணர்த்தியது திருநங்கை பிரித்திகா யாஷினியின் வழக்கு. உதவி ஆய்வாளர் தேர்வுக்கு அவர் விண்ணப்பித்தபோது, படிவத்தில் அவருக்கான கட்டமே இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் அவர் காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். அடுத்து 2019 ஏப்ரல் 22இல், இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிய அதிகாரிகள் மறுத்ததே அவ்வழக்கின் தொடக்கம். ஆண், பெண் என்று பிரித்தறிய முடியாத உடலமைப்போடு பிறக்கும் இடைபால் குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலின அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கவும் அதே தீர்ப்பு ஆணையிட்டது. தம்மைப் பற்றிச் சொல்லத் தெரியாத வயதில் பிறர் முடிவெடுப்பதைத் தடுத்தது அதன் பெரிய கொடை.

நாடாளுமன்றம் 2019இல் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இந்த வழியில் ஓரடி முன்னும் ஓரடி பின்னும் வைத்தது. ‘திருநர்’ என்ற சான்றைப் பெறச் சொந்த உறுதிமொழியே போதும்; ஆனால் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று திருத்திய சான்று பெற மருத்துவமனையின் அறுவை சிகிச்சைச் சான்று வேண்டும் என்றது. நீதிமன்றம் விலக்கிய நிபந்தனை இப்படி வேறு வழியில் திரும்பி வந்தது வருத்தத்துக்குரியது.

வாலாஜாபாத் போன்ற ஊரில் இந்தச் சட்டம் காகிதங்களாகவே ஒருவர் கைக்கு வருகிறது. பாலாற்றங்கரையிலுள்ள இப்பேரூராட்சியில்தான் வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வரும் நெடுஞ்சாலை முடிகிறது. இங்குள்ள திருநங்கை ஒருவர் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குச் சேர விரும்பினால், முதலில் இணையத்தில் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சான்றளிப்பவர் காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர். 2020 விதிகள் இதற்கு 30 நாள் கெடு வைத்தன. உடற்பரிசோதனை கூடாது என்றன. பிறகு அரசிதழில் பெயர் மாற்றம், ஆதார், பான், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். பழைய பெயரிலுள்ள மதிப்பெண் பட்டியலை நேர்முகத் தேர்வில் நீட்டும் நொடியில், அவர் சொல்ல விரும்பாத கதை முழுவதும் மேசைமீது வந்துவிடுகிறது. ஆதாரிலுள்ள பெயரும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால், உழைத்துச் சேர்த்த பணத்தை எடுப்பதும் சிக்கலாகும்.

வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது, புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2019 சட்டம் நிறுவனங்களைப் பணித்தது. ஆலைகளோடு, அவற்றுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆண், பெண் என இருவரையே அறிந்திருந்தது. கழிப்பறைகளையும் அப்படியே பிரித்தது. பெண்களின் இரவுப் பணிக்கு வரம்பு வைத்த அச்சட்டம் திருநங்கையை எங்கே சேர்ப்பது என்று சொல்லவில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, திருநர் தொழிலாளருக்கும் கழிப்பறை வசதி வேண்டும் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எட்டு மணி நேர ஷிஃப்ட்டில் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் மதிப்பு தெரியும்.

பாலியல் வன்முறை விஷயத்தில் சட்டத்தின் குறை இன்னும் ஆழமானது. பெண்மீதான வல்லுறவுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குறைந்தது பத்தாண்டுச் சிறை. திருநர்மீதான பாலியல் வன்முறைக்கு 2019 சட்டம் விதித்ததோ ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை.