வாரிசும் வேலைக்காரியும்: நான்சி ட்ரூ நூல்வரிசையின் இரு பதிப்புகள்

அமெரிக்கச் சிறுமியர் துப்பறியும் இலக்கியத்தின் தலைப்பிள்ளை என்று கருதப்படும் நான்சி ட்ரூ நூல்வரிசை 1930இல் தொடங்கியது. 1959 முதல் 1977 வரை அதன் முதல் 34 நூல்களும் திருத்தி எழுதப்பட்டன. இத்திருத்தம் பற்றி ஆய்வாளரிடையே இரண்டு தீர்ப்புகள் வழங்கி வருகின்றன. கறுப்பின மக்களையும் புலம்பெயர்ந்தோரையும் இழிவாகக் காட்டிய பகுதிகள் நீங்கியது நன்மை. துடுக்கும் துணிவுமாக இருந்த நான்சி மட்டுமரியாதை தெரிந்த பெண்ணாக அடங்கியது இழப்பு. ஒன்றை வரவிலும் மற்றொன்றைச் செலவிலும் எழுதிக் கணக்கை முடித்துவிடுவது வழக்கம். இவை தனித்தனிக் கணக்குகள் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். 1930ஆம் ஆண்டு நான்சியின் சுதந்திரமும் அந்நூல்களின் இனவெறியும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை. அந்த இடம், ஏவுவதற்கு ஆள் வைத்திருக்கும் சொத்துடைய வர்க்கத்தின் அதிகாரம். ஒன்றைப் பிடுங்கியபோது மற்றதும் வேரோடு வந்துவிட்டது.

நூல்வரிசையின் பிறப்பு வரலாறு பலரும் அறிந்ததுதான். வாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன். எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் நடத்திய நிறுவனம் கதைச் சுருக்கத்தைத் தானே தயாரித்து, அதை விரித்து எழுதக் கூலிக்கு எழுத்தாளர்களை அமர்த்தியது. எழுதியவர் உரிமை முழுவதையும் எழுதிக்கொடுத்துவிட வேண்டும். அட்டையில் இருப்பது நிறுவனம் படைத்த புனைபெயர். நான்சிக்கு அமைந்த புனைபெயர் கரோலின் கீன். முதல் நூல்களை எழுதியவர் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த, அப்போது 24 வயதான மில்ட்ரெட் வர்ட். பிற்காலத்தில் பென்சன் என்று அறியப்பட்ட இவருக்கு நூலுக்கு 125 டாலர் கூலி. முதல் மூன்று நூல்களையும் க்ராசெட் அண்ட் டன்லப் பதிப்பகம் 1930 ஏப்ரல் 28 அன்று வெளியிட்டது. அடுத்த 12ஆம் நாள் ஸ்ட்ராட்மேயர் காலமானார். நிறுவனம் மகள்கள் ஹாரியட், எட்னா இருவரின் கைக்கு வந்தது. முதல் 30 நூல்களில் 23 பென்சன் எழுதியவை. திருத்தப் பணியை முன்னின்று நடத்தியவர் ஹாரியட் ஆடம்ஸ்.

இரு பதிப்புகளின் வேறுபாட்டுக்கு இந்த இரு பெண்களின் குணவேறுபாட்டையே காரணமாகச் சொல்வது எளிது. அப்படித்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பதிப்புரிமை தொடர்பாக 1980இல் நியூயார்க்கில் நடந்த வழக்கில் சாட்சி சொல்ல வந்த பென்சனே, ஆடம்ஸ் நாசூக்கான சூழலில் வளர்ந்தவர், தான் உழைத்துப் பிழைக்க வேண்டியிருந்த பத்திரிகைக்காரி என்று பொருள்படப் பேசினார். மெலனி ரெஹாக் 2005இல் எழுதிய வரலாற்று நூலும் இவ்விரு வாழ்க்கைகளை எதிரெதிரே நிறுத்தியே கதையை நகர்த்துகிறது. சுவையான நூல்தான். ஆனால் இந்த விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. உழைத்துப் பிழைத்த அந்தப் பத்திரிகைக்காரி படைத்த நான்சி ஒரு நாளும் உழைத்துப் பிழைத்தவள் அல்லள். பதினாறு வயது, பள்ளிக்குப் போக வேண்டியதில்லை, தாய் இல்லை, தந்தை கார்சன் ட்ரூ பெயர்பெற்ற வழக்கறிஞர், சமைத்துப் போட ஹன்னா க்ரூயன், வாசலில் நீல நிறக் கார். துப்பறிந்ததற்குக் கூலியும் வாங்குவதில்லை. போதாக்குறைக்கு, பெருமந்தக் காலத்தில் கூலி குறைக்கப்பட்டபோது பென்சன் விலகி நிற்க, மூன்று நூல்களை வால்டர் காரிக் என்ற ஆண் எழுதிக்கொடுத்தார். வரிசை தடையின்றித் தொடர்ந்தது. எழுதும் கை மாறியும் நிலைத்த ஒன்றுக்குக் காரணத்தைக் கையில் தேடுவதை விடக் கதையின் அமைப்பில் தேடுவதே முறை.

அமைப்பு என்று நான் சொல்வது சொத்துக் கதையை. முதல் நூலான ‘தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் கிளாக்’ முழுக்க முழுக்க ஓர் உயிலைப் பற்றியது. காலமான ஜோசையா க்ரவுலியின் சொத்து டாப்பம் குடும்பத்துக்குப் போகவிருக்கிறது. இன்னொரு உயில் இருக்க வேண்டும் என்று சந்தேகிக்கும் நான்சி, கடிகாரம் ஒன்றில் மறைந்திருக்கும் குறிப்பேட்டைக் கண்டுபிடித்து அதன் வழியே உயிலை அடைகிறாள். டாப்பம் குடும்பத்தினர் செய்த குற்றம் என்ன? சட்டப்படி பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அவர்கள் அலட்டிக்கொள்ளும் புதுப்பணக்காரர்கள்; கடைச் சிப்பந்தியிடம் மரியாதையில்லாமல் பேசுகிறவர்கள். சொத்தைப் பெற வேண்டியவர்களோ நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப்போனவர்கள். இரண்டாவது நூலில் ஆபத்துக்கு உள்ளாவது இரண்டு முதிய சகோதரிகளின் பரம்பரை மாளிகை. நான்காவதான ‘தி மிஸ்டரி அட் லைலக் இன்’ நூலில் திருட்டுப்போவது ஓர் இளம்பெண்ணுக்குப் பரம்பரையாக வந்து சேர வேண்டிய வைரங்கள். யார் கையில் சொத்து இருப்பது பொருத்தம் என்பதை நான்சி பார்த்த மாத்திரத்தில் அறிந்துவிடுகிறாள். துப்புகள் பிறகுதான் வருகின்றன. பாபி ஆன் மேசன் 1975இல் சிறுமித் துப்பறிவாளர்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் பழமைப் போக்கை முன்பே சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் அதை நான்சியின் விடுதலைக்கு எதிரான முரண்பாடாகக் காண்கிறார். எனக்கு அங்கே முரண்பாடு தெரியவில்லை. அந்தப் பழமைதான் விடுதலைக்கு முதலீடு.

லைலக் விடுதி நூலின் 1930ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். ஹன்னா வீட்டில் இல்லாததால் நான்சி தற்காலிகமாக ஒரு வேலைக்காரியைத் தேடுகிறாள். ஒரு கறுப்பினப் பெண், ஓர் ஐரிஷ் பெண், ஒரு ஸ்காட்லாந்துப் பெண் என்று ஒவ்வொருவராக வர, ஒவ்வொருவரையும் இனத்தின் பெயரால் நகைச்சுவையாக்கித் திருப்பியனுப்புகிறது கதை. பிறகு வரும் மேரி மேசன்தான் கடைசியில் குற்றவாளியாகிறாள். அவள் மீது நான்சிக்குச் சந்தேகம் வலுக்கக் காரணம், வேலைக்காரிக்குக் கட்டுப்படியாகாத விலையில் அவள் உடை உடுத்துகிறாள் என்பது. கவனிக்க வேண்டிய இடம் இது. வேலைக்கு ஆள் எடுக்கும் கண்ணும் துப்பறியும் கண்ணும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. யார் எந்தத் தகுதியில் இருக்க வேண்டும் என்று அறிந்திருப்பதுதான் நான்சியின் துப்பறியும் திறன். தகுதியை மீறி யாராவது தென்பட்டால் அதுவே துப்பு. விண்ணப்பிக்க வந்த பெண்களைக் கேலிசெய்யும் பக்கங்களைக் கிழித்தெறிந்தாலும் மேரி மேசன் பிடிபடும் முறையில் அந்தக் கேலியின் தர்க்கம் அப்படியே இருக்கும்.

பழைய கடிகார நூலில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. டாப்பம் குடும்பத்தின் ஏரிக்கரை பங்களாவில் திருடர்கள் நான்சியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கதவைத் திறந்து விடுவது காவலாளி ஜெஃப் டக்கர். 1930ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் கறுப்பினத்தவர். குடித்துவிட்டுக் காவலைக் கோட்டை விட்டவர். கொச்சை மொழியில் உளறுபவர். தன்னைக் காப்பாற்றிய மனிதரையே நான்சி அதட்டிக் கேள்வி கேட்கிறாள். காவல் நிலையத்துக்கும் அழைத்துப் போகிறாள். காவல் துறையினரோ இந்தப் பதினாறு வயதுப் பெண் சொல்வதைக் கேட்டுப் புறப்படுகிறார்கள். காவலாளியை அதட்டும் குரலும் காவல் துறையினரைப் புறப்பட வைக்கும் குரலும் ஒன்றேதான். கரோலின் ஹைல்பிரன் போன்ற பெண்ணிய விமர்சகர்கள் பழைய பதிப்பின் நான்சியைக் கொண்டாடுவது அந்தக் குரலுக்காகத்தான். காவல் நிலையக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு பங்களாக் காட்சியை ஒதுக்க நூலின் அமைப்பு இடம் தருவதில்லை.

திருத்தம் எப்படி நடந்தது என்பதும் இதற்குச் சான்று. இழிவான சித்திரிப்புகளைக் குறித்து வாசகர் கடிதங்கள் வந்தன, பதிப்பகம் வற்புறுத்தியது, ஆடம்ஸுக்கு முதலில் மனமில்லை. அச்சுத் தகடுகளும் தேய்ந்திருந்தன. நூலுக்கு 25 அத்தியாயம் என்பது 20ஆகக் குறைந்தது. விலைவாசி உயர்வும் அதற்கு ஒரு காரணம். 1959இல் வந்த புதிய பதிப்பில் ஜெஃப் டக்கர் வெள்ளையராகி, குடியையும் விட்டுவிட்டார். இழிவு நீங்கியது உண்மை. ஆனால் இழிவுபடுத்தப்பட்டவருக்கு மரியாதை கிடைத்ததா என்றால், இல்லை. அவர் கதையிலிருந்தே நீங்கிவிட்டார். நான்சியின் ஊரான ரிவர் ஹைட்ஸ் வெள்ளையர் மட்டுமே வாழும் ஊராகிவிட்டது. நான்சிக்கு வயது 18 ஆயிற்று. இரண்டாவது நூலின் பழைய பதிப்பில் அவள் தந்தையின் ரிவால்வரை எடுத்துக்கொண்டு பேய்வீட்டுக்குப் போனாள். புதியதில் ரிவால்வர் இல்லை. லைலக் விடுதியின் கதை 1961இல் பெரும்பாலும் புதிதாகவே எழுதப்பட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது பழைய கடிகார நூலின் தொடக்கம். 1930இல் அது, க்ரவுலியின் சொத்து யாருக்குப் போகப்போகிறது என்று நான்சியும் தந்தையும் பேசிக்கொள்வதில் தொடங்கியது. 1959இல் அது, ஆபத்தில் சிக்கிய ஒரு குழந்தையை நான்சி காப்பாற்றுவதில் தொடங்குகிறது. சொத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் பெண் உதவிசெய்யும் பெண்ணாகிவிட்டாள். அதிகாரம் இருந்த இடத்தில் அன்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஏவுவதற்கு ஆள் இல்லாத உலகில் கதாநாயகி செய்யக்கூடியது அதுதான்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு மாற்றுச் சான்று உண்டு. 1948இல் ஜூலி காம்ப்பெல் தொடங்கிய ட்ரிக்ஸி பெல்டன் வரிசையின் நாயகிக்கு வயது 13. சாதாரண நடுத்தரக் குடும்பம். தோட்டத்தில் களை பிடுங்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கைக்காசுக்கு வேலை செய்ய வேண்டும். அவளும் துணிச்சல்காரிதான், ஆனால் வீட்டில் அனுமதி கேட்டுத்தான் எங்கும் போக முடியும். கார், குதிரை, பெரிய வீடு எல்லாம் பணக்காரத் தோழி ஹனி வீலரிடமிருந்துதான் வர வேண்டும். சிறுமி துப்பறிய வேண்டுமானால் யாராவது ஒருவரிடம் சொத்து இருந்தாக வேண்டும் என்பதை இந்த வரிசை மறைக்காமல் சொல்லிவிடுகிறது. இலக்கிய நேர்மையில் ட்ரிக்ஸிக்கே என் வாக்கு.

ஒரு மறுப்பு வரும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த சாண்ட்ரா டே ஓ’கானர், ரூத் பேடர் கின்ஸ்பர்க், சோனியா சோட்டமயோர் மூவரும் சிறுவயதில் நான்சியைப் படித்ததை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சோட்டமயோர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். நான்சியைப் படித்தே துப்பறிவாளராக ஆசைப்பட்டவர். காரும் வேலைக்காரியும் இல்லாத வீட்டுச் சிறுமி நான்சியின் துணிவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடிந்ததே, பிறகு வர்க்கம் எங்கே குறுக்கிட்டது? இம்மறுப்பு வலுவானது, ஆனால் அது வாசிப்பைப் பற்றியது, பிரதியைப் பற்றியது அல்ல. வாசகி தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்கிறாள் என்பது அவளுடைய திறமை. அந்தத் திறமையைப் பிரதியின் பெருமையாக எழுதிவைப்பது, அவள் செய்த வேலைக்கு வேறொருவர் பெயரைப் போடுவதாகும். இந்த நூல்வரிசையில் அது புதிய பழக்கமும் அல்ல.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் எஞ்சியிருக்கிறது. 1930இல் வெளியான முதல் நான்கு நூல்களின் மூல வடிவம் 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமை. யாரும் எடுத்து அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். திருத்திய வடிவங்களுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. ஆக, சந்தையில் இரண்டு நான்சிகளும் இனி அருகருகே உலவுவார்கள். இந்த நிலையில் பதிப்பின் ஆண்டைக் குறிப்பிடாமல் நான்சியைப் பெண்ணியவாதி என்றோ பிற்போக்குவாதி என்றோ எழுதும் கட்டுரையை எந்த ஆய்விதழும் ஏற்கக் கூடாது.