பசு வெண்ணெய் மஞ்சள், எருமை வெண்ணெய் வெண்மை: கால்நடைகளுக்கு வைட்டமின் 'ஏ' கிடைப்பது எப்படி?

பசுவின் வெண்ணெய் இளமஞ்சளாகவும், எருமையின் வெண்ணெய் வெண்மையாகவும் இருப்பதற்கு, பசுந்தீவனத்திலுள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமியை அவை பயன்படுத்தும் விதமே காரணமாகும்.

வைட்டமின்களில் ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் மட்டுமே கரைபவை. தீவனத்திலுள்ள கொழுப்பு சிறுகுடலை அடைந்ததும், பித்தநீர் அதனை நுண்துளிகளாக்குகிறது. கணைய நீரின் நொதிகள் அதனைச் செரிக்கின்றன. அக்கொழுப்புடன் சேர்ந்தே இவ்வைட்டமின்கள் குடல் சுவரைக் கடக்கின்றன. பின்னர் பாலூட்டிகளில் நிணநீர் வழியாக இரத்தத்தை அடைகின்றன. பறவைகளில் இவை குடலிலிருந்து நேராக இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குச் செல்கின்றன.

தாவரங்களில் வைட்டமின் 'ஏ' நேரடியாக இல்லை. பீட்டா கரோட்டினே குடல் சுவரில் வைட்டமின் 'ஏ'-வாக மாற்றப்படுகிறது. எருமை அதனை ஏறத்தாழ முழுமையாக மாற்றிவிடுகிறது. பசுவின் உடலில் ஒரு பகுதி மாறாமல் பால் கொழுப்பில் கலப்பதால் மஞ்சள் நிறம் தோன்றுகிறது. எனவே, வெண்மையான எருமைப் பாலில் வைட்டமின் 'ஏ' இல்லை எனக் கருதுவது தவறாகும்.

2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 19 கோடிக்கும் அதிகமான மாடுகளும், சுமார் 11 கோடி எருமைகளும் உள்ளன. கோடையில் இவற்றில் பல வைக்கோலையே பெரிதும் நம்பியுள்ளன. பசும்புல் வெயிலில் காயும்போது கரோட்டின் பெருமளவு அழிந்துவிடுகிறது. வைக்கோலிலும் அது மிகக் குறைவு. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில மாதங்களுக்கே போதுமானது. அது தீர்ந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். சினை மாட்டுக்குப் பற்றாக்குறை நீடித்தால் கன்று நலிவுற்றோ, பார்வையின்றியோ பிறக்கக்கூடும்.

நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு வைட்டமின் 'ஏ' மிகக் குறைவாகவே செல்கிறது. எனவே, பிறந்த கன்றுக்குச் சீம்பாலே முதன்மை ஆதாரம். மகாராஷ்டிரத்தில் 'கர்வஸ்', ஆந்திரம், தெலங்கானாவில் 'ஜுன்னு' என இனிப்பாகச் செய்து உண்ணப்படுவதும் இந்தச் சீம்பால்தான். நஞ்சுக்கொடி விழும்வரை கன்றுக்குச் சீம்பால் கொடுக்காமல் காத்திருக்கும் வழக்கம் பல கிராமங்களில் உள்ளது. இது கன்றுக்குத் தீங்கானது. பிறந்த சில மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுப்பது அவசியம்.

அதேவேளை, இவ்வைட்டமின் உடலில் தேங்கும் தன்மையுடையது. அளவு மிஞ்சினால் நஞ்சாகும். ஆகவே, வைட்டமின் ஊசியையோ மருந்தையோ கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படியே அளிக்க வேண்டும்.