மூழ்கிய தீவுகளின் கணக்கு

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் இவற்றைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். இன்னைக்கு எண்ணினா விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் தண்ணீருக்கு அடியில்.

பருவநிலை மாற்றம்னு உடனே சொல்லிடலாம். ஆனா கரையோர ஊர்களுக்கு அதற்கு முந்தின கதை தெரியும். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையை உடைத்த பாறை போனதும் தீவின் மணல் அரிந்தது. வெப்பத்தின் அடி அதன் மேல் விழுந்தது: 1998, 2010, 2016-ல் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஆபத்தை எப்படி மதிப்பிடுவது? நீரின் சூட்டைச் செயற்கைக்கோள் சொல்லும். எந்தத் திட்டில் முன்பு பாறை இருந்தது, எங்கே மரிக்கொழுந்துப் பாசி குறைந்ததுன்னு மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைத்தான் கேட்கணும்.

பூங்கா எல்லையோ அவர்களை அத்துமீறுபவர்கள் ஆக்கியது. அப்படியும் மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, இரும்புக் கருவி கூடாதுன்னு அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி தீர்ந்தால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள் வீடுதானே!

அவர்களைக் கேட்காமல் போடும் ஆபத்துக் கணக்கு, கடைசியில் அவர்கள் மேலேயே இன்னொரு தடையாக வந்து விழும். பாறையை வெட்டி விற்றவர்களின் பங்கு அந்தக் கணக்கிலேயே வராது.