இடைமென்பொருள் வளர்ந்த கதை

விளக்கு வேண்டுமென்றால் ஸ்விட்சைப் போடுகிறீர்கள். அந்த மின்சாரம் எந்த அணையில் பிறந்தது, எந்த அனல் நிலையத்திலிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல இயலாது. எல்லா நிலையங்களின் மின்சாரமும் ஒரே கிரிட்டில் கலந்துதான் வருகிறது. கணிப்பாற்றலையும் இவ்வாறே கம்பி வழியே பெற முடியாதா? இக்கேள்வியிலிருந்து பிறந்ததே 'கிரிட் கணிப்பு'. பெயரே மின்துறையிலிருந்து கடன் வாங்கியதுதான்.

ஆயினும் ஒரு பெரிய வேறுபாட்டை நீங்கள் கவனிக்க வேண்டும். மின்சாரம் எங்குப் பிறந்தாலும் மின்சாரமே. கணிப்பொறிகளோ அப்படியல்ல. ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. ஒரு நிலையத்தின் கடவுச்சொல் அடுத்த நிலையத்தில் செல்லாது. வேலைகளை வரிசையில் நிறுத்தும் முறையும் இடத்துக்கு இடம் வேறு. இந்த வேற்றுமைகளுக்கு நடுவே துபாஷியைப் போல நின்று, பயன்படுத்துவோருக்கு எல்லாம் ஒரே இயந்திரமாகத் தோன்றச் செய்வதுதான் இடைமென்பொருள்.

இதன் முன்னோடிகளில் ஒன்று 'காண்டார்'. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மிரான் லிவ்னியும் அவருடைய குழுவினரும் 1988-இல் இதனை விளக்கி எழுதினர். காண்டார் என்பது தென்னமெரிக்கக் கழுகு ஒன்றின் பெயர். சும்மா கிடக்கும் கணிப்பொறிகளைத் தேடிப் பிடித்து வேலை கொடுப்பது இக்கழுகின் தொழில். உரியவர் திரும்பி வந்து விசைப்பலகையைத் தொட்டால், பாதியில் நின்ற வேலையை அந்த நிலையிலேயே பத்திரப்படுத்தி வேறு இயந்திரத்துக்குக் கொண்டுபோய்விடும்.

ஆனால் இது ஒரே வளாகத்துக்குள் நடந்த காரியம். 1995-இல் சான் டியேகோ நகரில் நடந்த சூப்பர் கம்ப்யூட்டிங் மாநாட்டுக்காக, வட அமெரிக்காவின் 17 நிலையங்களை இணைத்து 'ஐ-வே' என்ற சோதனையைச் செய்தனர். அந்த அனுபவத்திலிருந்துதான் இயன் ஃபாஸ்டர், கார்ல் கெஸல்மன் ஆகியோரின் குழு 'குளோபஸ்' என்ற மென்பொருட் தொகுதியை உருவாக்கியது.

குளோபஸ் தீர்த்த சிக்கல்களில் மிகச் சுவையானது பாதுகாப்புப் பற்றியது. உங்கள் வேலை 10 நிலையங்களில் நடக்கிறதென்றால், 10 இடங்களிலும் நீங்கள் கையொப்பமிட்டுக்கொண்டிருக்க முடியுமா? உங்கள் நிரந்தர அடையாளச் சான்றை எல்லாரிடமும் கொடுத்துவைப்பதோ ஆபத்து. எனவே அச்சான்றைக் கொண்டு ஒரு தற்காலிகச் சீட்டை உண்டாக்கினர். வழக்கமாக அதன் ஆயுள் 12 மணி நேரம். அச்சீட்டு உங்கள் சார்பில் இடம்விட்டு இடம் செல்லும். யாரேனும் திருடினாலும் சில மணி நேரத்தில் அது வெறும் காகிதம்! எளிய யோசனைதான், ஆனால் கிரிட் முழுவதும் இதன் மேல்தான் நின்றது.

விஞ்ஞானிகளுக்கு இது போதுமாயிருந்தது. நம் நாட்டில் சி-டாக் அமைத்த 'கருடா' கிரிட்டிலும் குளோபஸே பயன்பட்டது. ஆலைகளும் வங்கிகளும் மட்டும் தயங்கின. அவர்கள் 'வெப் சர்வீஸ்' என்னும் சேவை முறைக்கு மாறிக்கொண்டிருந்தனர். ஆகவே 2002-இல் குளோபஸ் குழுவினர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜெஃப்ரி நிக்குடன் சேர்ந்து, கிரிட்டில் உள்ள ஒவ்வொன்றையும், கணிப்பொறியானாலும் கோப்பானாலும், ஒரு சேவையாகவே அமைக்கும் திட்டத்தை வெளியிட்டனர்.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. சாதாரண வெப் சர்வீஸ் அஞ்சலகத்தில் ஸ்டாம்பு விற்கும் ஜன்னலைப் போன்றது. காசு கொடுத்தீர்கள், ஸ்டாம்பு வாங்கினீர்கள். அடுத்த நிமிடம் உங்களை அது மறந்துவிடும். மூன்று நாள் ஓடும் கணக்கை அப்படி மறந்துவிடலாமா? 2003-இல் வந்த 'ஓ.ஜி.எஸ்.ஐ.' விதிமுறை, நினைவாற்றலைச் சேவையின் உள்ளேயே புகுத்தியது. அதற்காகச் சேவைகளை வருணிக்கும் மொழியையே சற்று மாற்றியது. விளைவு, சந்தையில் கிடைத்த கருவிகளால் அதனைப் படிக்க முடியவில்லை. ஒரே ஆவணத்தில் எல்லாவற்றையும் திணித்துவிட்டார்கள் என்ற குறையும் எழுந்தது.

2004 ஜனவரியில் 'டபிள்யூ.எஸ்.ஆர்.எஃப்.' என்ற மாற்றுவழி அறிவிக்கப்பட்டது. சேவை மறதிக்காரனாகவே இருக்கட்டும். வாடிக்கையாளர் கையில் ஒரு டோக்கன் இருந்தால் போதும், அதனைக் காட்டித் தம் வேலையின் நிலையை அறிந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். என் கருத்தில் இது மேலான வழிதான். ஆனால் குளோபஸின் மூன்றாம் பதிப்பை நம்பி நிரல் எழுதியவர்களின் கதி என்ன? 2005-இல் வந்த நான்காம் பதிப்புக்காக அவர்கள் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. ஆலை நடத்துவோர் இத்தகைய மாற்றங்களை எளிதில் மன்னிப்பதில்லை.

டபிள்யூ.எஸ்.ஆர்.எஃப்.-க்கு 2006 ஏப்ரலில் முறையான தர அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமேசான் நிறுவனம், கணிப்பொறியை மணிக்கு 10 சென்ட் வாடகைக்கு விடும் சேவையைத் தொடங்கியது. ஸ்விட்சைப் போட்டால் கணிப்பு, மாதக் கடைசியில் பில்! கிரிட்காரர்கள் சொன்ன உவமை பலித்தது. பலிக்கச் செய்தவர் வேறொருவர்.

காரணம் தொழில்நுட்பம் மட்டுமன்று என்றே நினைக்கிறேன். கிரிட் என்பது பலர் தத்தம் இயந்திரங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. விஞ்ஞானிகள் அப்படிப் பகிர்வார்கள். போட்டி நிறுவனங்கள் பகிருமா? கார், விமானம், மருந்துத் துறைகளுக்காக 2004 முதல் 2008 வரை ஐரோப்பாவில் நடந்த 'சிம்டாட்' திட்டம் இதனை உணர்ந்து, யார் எதனைப் பார்க்கலாம், யார் கணக்கில் எவ்வளவு என்ற ஒப்பந்தங்களையே முன்னிறுத்தியது. ஆனால் ஒரே உரிமையாளரின் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பவருக்குப் பங்காளிகளோடு ஒப்பந்தம் பேசும் தொல்லையே இல்லை.

பகிர்வோரிடத்தில் கிரிட் நிலைத்தது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத் தரவுகளை 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் நிலையங்கள் கூடி அலசுகின்றன. 2012-இல் ஹிக்ஸ் துகள் அறிவிக்கப்பட்டபோது அதன் பின்னே இந்தக் கிரிட் இருந்தது. குளோபஸ் தொகுதிக்கு அதனை உருவாக்கியவர்கள் அளித்த ஆதரவு 2018 ஜனவரியோடு நின்றது. பழைய காண்டாரோ 2012 முதல் 'எச்.டி. காண்டார்' என்ற பெயருடன், செர்னிலேயே வேலைகளைப் பங்கிட்டு வருகிறது.