பிரளயத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள்

கதை எழுதுகிறவனுக்கு நேரக்கூடிய தர்மசங்கடங்களில் ஒன்று உண்டு. நெஞ்சு உருகி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே எழுதிய ஒரு கட்டத்தைப் படித்துவிட்டு, "ஸார், அந்த இடத்தில் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது!" என்று ஒரு வாசகர் வந்து சொல்லுவார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. கட்டித் தழுவவும் முடியாது. ஒரு கப் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, இரவெல்லாம் விழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிரிட்டனில் பீட்டர் ஜார்ஜ் என்ற நாவலாசிரியருக்கு இந்தச் சங்கடம் உலகம் முழுவதும் அறியும்படி நேர்ந்தது. விமானப் படையில் அதிகாரியாக இருந்தவர் அவர். 1958-ஆம் வருஷம், பீட்டர் பிரையன்ட் என்ற புனைபெயரில் ஒரு நாவல் வெளியிட்டார். ஓர் அமெரிக்கத் தளபதி, மேலிடத்து உத்தரவு இல்லாமலே, அணுகுண்டு ஏற்றிய விமானங்களை ரஷ்யாவின் மேல் ஏவிவிடுகிறான். விமானங்கள் போய்ச் சேர இரண்டு மணி நேரம். அதற்குள் அவற்றைத் திருப்பி அழைக்க வேண்டும். இதுதான் கதை. கடைசி நேரத்தில் உலகம் தப்பிக்கிறது. ஆனாலும் புத்தகத்தை மூடும்போது வாசகனுக்குத் தூக்கம் போய்விடும். ஜார்ஜ் விரும்பியதும் அதுவே. அவர் பயந்து எழுதினார். மற்றவர்களும் பயப்பட வேண்டும் என்று எழுதினார்.

நாவலின் உரிமையை ஸ்டான்லி கூப்ரிக் என்ற அமெரிக்க டைரக்டர் வாங்கினார். அவரும் வேடிக்கைக்காக வாங்கவில்லை. அணு ஆயுதங்களைப் பற்றிய புத்தகங்களையும் ராணுவப் பத்திரிகைகளையும் மூட்டை மூட்டையாகப் படித்துவிட்டு, கம்பீரமான ஒரு திகில் படம் எடுக்கத்தான் உட்கார்ந்தார். எழுத எழுத ஒரு விபரீதம் நடந்தது. எந்தக் கட்டம் உண்மைக்கு அருகில் வருகிறதோ அந்தக் கட்டம் சிரிப்பாக இருந்தது. சிரிப்பை வெட்டி எறிந்து பார்த்தார். உண்மையும் கூடவே போய்விட்டது! கடைசியில் வெட்டுவதை நிறுத்திவிட்டு, டெர்ரி சதர்ன் என்ற நையாண்டி எழுத்தாளரையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். இப்படிப் பிறந்ததுதான் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' என்ற படம்.

உண்மை எப்படிச் சிரிப்பாகும்? அந்தக் காலத்து நிபுணர்கள் பேசிய பாஷையைக் கொஞ்சம் கேளுங்கள். ஹெர்மன் கான் என்ற அறிஞர் 1960-ல் அணு யுத்தத்தைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. இறப்பவர்கள் 20 லட்சம் என்றால் நாட்டின் பொருளாதாரம் தேறுவதற்கு 1 வருஷம். இறப்பவர்கள் 16 கோடி என்றால் தேறுவதற்கு 100 வருஷம். நடுவே படிப்படியாக மற்றக் கணக்குகள். நிலைமைகள் எல்லாமே துக்ககரமானவைதாம், ஆனால் ஒன்றுக்கொன்று வித்தியாசமானவை என்பது அவருடைய வாதம். ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளை லாப நஷ்டம் எழுதும் அதே நிதானம். கான் கொடியவர் அல்ல. நினைக்கவே அஞ்சுவதை யாராவது நினைத்துப் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தவர். ஆனால் அந்த அட்டவணையைச் சினிமாவில் ஒரு தளபதி வாய்விட்டுப் படித்தால், கொட்டகை சிரிக்காமல் என்ன செய்யும்? கூப்ரிக் அதைத்தான் செய்தார்.

நேராகப் பேசியவர்களும் உண்டு. 1962 செப்டம்பரில், 83 வயதான நம் ராஜாஜி வாஷிங்டனுக்குப் போய், அணுகுண்டுப் பரிசோதனைகளை நிறுத்துங்கள் என்று ஜனாதிபதி கென்னடியிடம் வாதாடிவிட்டு வந்தார். கென்னடி மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள் இருப்பது தெரியவந்தது. பதின்மூன்று நாட்கள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பஸ்மாசுரன் யார் தலையில் கை வைத்தாலும் அவன் சாம்பலாவான் என்பது வரம். நம் புராணத்தில் ஒரே ஒரு பஸ்மாசுரன்தான். இங்கேயோ இரண்டு பேர், ஒருவன் தலைக்கு மேல் மற்றவன் கையை ஓங்கியபடி நின்றார்கள். இருவருக்கும் பயம் இருப்பதால் இருவரும் கையை இறக்க மாட்டார்கள், ஆகையால் உலகத்துக்கு ஆபத்து இல்லை என்று நிபுணர்கள் தைரியம் சொன்னார்கள்.

அந்தத் தைரியத்தின் அஸ்திவாரத்தைத்தான் படம் தோண்டிப் பார்க்கிறது. இரு தரப்பிலும் புத்தி சுவாதீனமாக இருக்கும் என்பது அல்லவா அஸ்திவாரம்? படத்தில் ரிப்பர் என்ற தளபதிக்கு அது இல்லை. குடிதண்ணீரில் ஃப்ளோரைடு கலப்பது அமெரிக்கர்களின் உடலைக் கெடுப்பதற்காகக் கம்யூனிஸ்டுகள் செய்யும் சதி என்று அவன் நம்புகிறான். விமானங்களை ஏவிவிடுகிறான். திருப்பி அழைக்கும் ரகசிய எழுத்துக்களும் அவனிடம்தான் இருக்கின்றன. "என் உத்தரவு இல்லாமல் இது எப்படி நடந்தது?" என்று ஜனாதிபதி திகைக்கிறார். ஜனாதிபதியே செத்துப்போனால் பதிலடி கொடுக்க ஒரு வழி வேண்டும் என்று கீழே உள்ளவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறோம், அந்தத் திட்டத்துக்குத் தாங்களே சம்மதம் கொடுத்தீர்கள் என்று பக்கத்தில் இருக்கும் தளபதி பவ்யமாக ஞாபகப்படுத்துகிறான்.

படம் முழுவதிலும் பைத்தியம் என்று திட்டமாகச் சொல்லக்கூடியவன் ரிப்பர் ஒருவன்தான். வேண்டுமானால் ஸ்ட்ரேஞ்ச்லவ் என்ற விஞ்ஞானியையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். ஜனாதிபதி நல்லவர், பொறுமைசாலி. குடிபோதையில் இருக்கும் ரஷ்யப் பிரதமரிடம் டெலிபோனில், பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டையைச் சமாதானம் பண்ணுவதுபோல், அத்தனை தன்மையாகப் பேசுகிறார். விமானத்தில் இருப்பவர்களோ சூரர்கள். குண்டடி பட்டு, ரேடியோ உடைந்து, பெட்ரோல் ஒழுகியும், எடுத்த காரியத்தை முடிக்காமல் திரும்புவதில்லை என்று பறக்கிறார்கள். வேறு எந்த யுத்தப் படமாக இருந்தாலும் நாம் கைதட்டியிருப்போம். இங்கே அவர்களுடைய கடமை உணர்ச்சியே உலகத்தைக் கொல்லுகிறது. அவர்களில் ஒருவன் சோம்பேறியாக இருந்திருந்தால் நாம் பிழைத்திருப்போம்!

படத்தின் முன்னோட்டக் காட்சி ஒன்றுக்கு நாள் குறித்திருந்தார்கள். 1963 நவம்பர் 22. அன்றுதான் டல்லாஸ் நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். காட்சி ரத்தாயிற்று. விமானி ஒருவன் டல்லாஸைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லும் ஒரு வசனம் இருந்தது. அந்த ஊரின் பெயர் வரும் இடத்தில் வேகாஸ் என்று குரலை மாற்றினார்கள். படம் 1964 ஜனவரி 29-ல் வெளியாயிற்று. ஏறக்குறைய இதே கதையை, துளிச் சிரிப்பும் இல்லாமல் சொல்லும் 'ஃபெயில் சேஃப்' என்ற படமும் அதே வருஷம் அக்டோபரில் வந்தது. நல்ல படம், ஹென்றி ஃபோண்டா ஜனாதிபதியாக நடித்தார். ஆனால் சிரித்துவிட்டு வந்த ஜனங்கள், அதே கதைக்காக அழுவதற்கு இரண்டாம் தடவை டிக்கெட் வாங்கத் தயாராக இல்லை.

இப்படி ஒருநாளும் நடக்காது, அதற்குப் போதிய பாதுகாப்பு உண்டு என்ற அமெரிக்க விமானப் படையின் உறுதிமொழியோடுதான் படமே ஆரம்பமாகிறது. அந்த உறுதிமொழியின் கதை என்ன ஆயிற்று தெரியுமா? நெருக்கடியில் ஜனாதிபதியை அணுக முடியாவிட்டால் அணு ஆயுதங்களைப் பிரயோகிக்கலாம் என்று சில தளபதிகளுக்கு ஐஸன்ஹோவர் 1950-களிலேயே முன்கூட்டி அதிகாரம் கொடுத்திருந்தார். அந்தக் காகிதங்கள் பல பத்தாண்டுகள் கழித்து வெளிச்சத்துக்கு வந்தன. அணு யுத்தத் திட்டங்களில் நேராகப் பங்குகொண்ட டேனியல் எல்ஸ்பெர்க், 1964-ல் சக அதிகாரி ஒருவருடன் இந்தப் படத்தைப் பார்த்ததைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வெளியே வந்ததும் அவர்களுக்குத் தோன்றியது, தாங்கள் பார்த்தது ஒரு செய்திப் படம் என்றுதான்!

இன்னொன்றும் உண்டு. படத்தில் ரஷ்யர்கள் ஒரு பிரளய யந்திரம் செய்து வைத்திருக்கிறார்கள். குண்டு விழுந்தால் அது மனிதன் தயவு இல்லாமல் தானே வெடித்து உலகத்தை அழித்துவிடும். எதிரியைப் பயமுறுத்தத்தானே அந்த யந்திரம்? அதை ரகசியமாக வைத்திருந்தால் என்ன பிரயோசனம் என்று ஸ்ட்ரேஞ்ச்லவ் கத்துகிறான். கொட்டகை சிரித்தது. 1985 வாக்கில் சோவியத் யூனியன் 'பெரிமீட்டர்' என்ற ஓர் ஏற்பாட்டை உண்மையிலேயே செயலுக்குக் கொண்டுவந்தது. தலைவர்கள் எல்லாரும் மாண்டுபோனாலும் பதிலடி கிளம்பும். நல்ல வேளையாக, கடைசிப் படியில் சில மனிதர்களை உட்கார வைத்திருந்தார்கள். ஆனால் அதையும் ரகசியமாகத்தான் வைத்திருந்தார்கள்! 1990-களில்தான் வெளியுலகம் அறிந்தது. நையாண்டி எழுதுகிறவன் இதற்குமேல் என்ன செய்வான், பாவம்!

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவின் மீசையைப் பரிகாசம் பண்ணலாம். ராஜா கோபித்துக்கொள்ள மாட்டார். சபை சிரித்துவிட்டுக் கலையும். தலைவர்களின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் நையாண்டி அந்த ஜாதி. ரீகன் ஜனாதிபதியாக இருந்தபோது பிரிட்டிஷ் டெலிவிஷனில் அவரை ரப்பர் பொம்மையாக்கி ஆட்டிவைத்தார்கள். 1986-ல் வந்த ஒரு பாட்டுப் படத்தில் அந்தப் பொம்மை, படுக்கையில் இருந்தபடி நர்ஸைக் கூப்பிடும் பொத்தான் என்று நினைத்து அணுகுண்டுப் பொத்தானை அழுத்திவிடும். ரீகனும் சளைத்தவர் அல்ல. 1984 ஆகஸ்ட் 11-ல், ரேடியோப் பேச்சுக்கு முன் மைக்கைச் சோதிப்பதற்காக, ரஷ்யாவைச் சட்டவிரோதமாக்கிவிட்டதாகவும் ஐந்து நிமிஷத்தில் குண்டுவீச்சு ஆரம்பம் என்றும் விளையாட்டாகச் சொன்னார். ஒலிபரப்பாகாவிட்டாலும் விஷயம் கசிந்து உலகமெங்கும் பரவியது. மாஸ்கோவில் யாரும் சிரிக்கவில்லை.

இந்த மாதிரிப் பரிகாசத்தில் ஓர் ஆறுதல் ஒளிந்திருக்கிறது. ஆளை மாற்றிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்ற ஆறுதல். 1964 தேர்தலில் இந்த ஆறுதலை நன்றாகவே விற்றார்கள். கோல்ட்வாட்டர் என்ற வேட்பாளர் அணு ஆயுதங்களைப் பற்றி விளையாட்டாகப் பேசிவிடுகிறவர். எதிர்க் கட்சியார் செப்டம்பர் 7-ஆம் தேதி டெலிவிஷனில் ஒரு விளம்பரம் காட்டினார்கள். ஒரு சிறு பெண் பூவிதழ்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள், எண்ணிக்கை தலைகீழாக மாறுகிறது, அணுகுண்டு வெடிக்கிறது. கோல்ட்வாட்டரின் பெயரையே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே தடவைதான் அந்த விளம்பரத்தைப் போட்டார்கள். ஜான்ஸன் 44 ராஜ்யங்களில் ஜெயித்தார். ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். மறு வருஷமே ஜான்ஸனின் விமானங்கள் வட வியத்நாமின் மேல் தொடர்ந்து குண்டுமாரி பொழிய ஆரம்பித்தன. அணு ஆயுதங்களும், அவற்றைக் கட்டிக் காக்கும் ஏற்பாடும், இருந்த இடத்திலேயே இருந்தன.

'ஸ்ட்ரேஞ்ச்லவ்' அந்த ஆறுதலைத் தருவதில்லை. அதில் ஜனாதிபதி உத்தமர். அவரை மாற்றிவிட்டு வேறு யாரைக் கொண்டுவருவது? அது கேட்கும் கேள்வி வேறு. எல்லாரும் ஒழுங்காக நடந்துகொண்டாலும், ஒரே ஒருவனுடைய புத்தி பிசகியதும் உலகம் சாம்பலாகும் என்றால், அந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர்?

அந்தக் கேள்வியை ஒரு மனிதர் சிரிக்காமல் கேட்டார். 1973-ன் கடைசியில், அமெரிக்க விமானப் படை மேஜர் ஒருவர், வியத்நாமில் சேவை செய்தவர், ஏவுகணை செலுத்தும் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தார். ஏவு என்று உத்தரவு வந்தால் ஏவ வேண்டும் என்று பாடம் நடந்தது. அவர் எழுந்து, உத்தரவு கொடுக்கும் ஜனாதிபதி சித்த சுவாதீனத்தோடுதான் இருக்கிறார் என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். வகுப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அது உமக்குத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல என்றார்கள். விசாரணை வைத்து, கடைசியில் உத்தியோகத்திலிருந்தே அனுப்பிவிட்டார்கள்.

பத்து வருஷத்துக்கு முன் அதே கேள்வியைச் சிரிப்பாகக் கேட்ட படத்துக்கு நான்கு ஆஸ்கார் பரிசுகளுக்குச் சிபாரிசு கிடைத்தது. கேள்வியாகவே கேட்டவருக்கு வேலை போயிற்று. இதை நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. சிரிப்பை ஏன் அனுமதித்தார்கள்? சிரித்தவன் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவான் என்று நம்பினார்களோ?

பீட்டர் ஜார்ஜுக்கு அப்படித் தூக்கம் வந்ததாகத் தெரியவில்லை. தம் பெயர் போட்ட சிரிப்புப் படம் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் மறுபடியும் அணு யுத்தத்தைப் பற்றியே சிரிப்பில்லாத ஒரு நாவல் எழுதினார். 1965-ல் அது வெளிவந்தது. 1966-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருக்கு என்னென்ன வேதனைகள் இருந்தனவோ! அணுகுண்டுப் பயந்தான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவரையே நினைத்துக்கொள்ளுகிறேன். கொட்டகை குலுங்கச் சிரிக்கிறது. கடைசி வரிசையில், சிரிக்காமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கதையை எழுதியவர் அவர்தான்.